கட்டத்துக்குள் சரியாக வைத்தும் பீட் ஏன் செத்துக் கிடக்கிறது?

பூட்டுக்கடைப்பேத்தி, ஞாயிறு இரவு 11:48

வணக்கம். ஏழு மாதமாக வீட்டிலேயே ஹிப் ஹாப் பீட் (ராப்புக்கான பின்னணித் தாளம்) செய்யப் பழகி வருகிறேன். ஊர் திண்டுக்கல். பகலெல்லாம் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை. இரவு பத்து மணிக்கு மேல்தான் லேப்டாப்பைத் திறப்பேன். பிளஸ் டூவில் கிடைத்த விலையில்லா லேப்டாப், 4 ஜிபி ரேம். கனமான மென்பொருள் போட்டால் மூச்சு வாங்குகிறது என்று எல்எம்எம்எஸ் வைத்திருக்கிறேன். வெட்டுவதற்கு ஆடாசிட்டி. கீபோர்டு, பேடு எதுவும் கிடையாது. கேட்பது புளூடூத் இயர்போனில்.

அத்தை மகன் ராப் எழுதுகிறான். அவனுக்காகத்தான் இதில் இறங்கினேன். போன வாரம் என் பீட் ஒன்றின் மேல் நாலு வரி பேசிப் பார்த்துவிட்டு, "உன் பீட்டு மேல பேசினா செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றான். எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலையில் தனியாகக் கேட்டபோது அவன் சொன்னது சரி என்றுதான் பட்டது.

பீட் இதுதான். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு). ஒரு பாருக்கு (நாலு தட்டு கொண்ட ஒரு சுற்று) 16 கட்டம் என்று வைத்துக்கொண்டால் கிக் (கனமான டிரம் அடி) 1, 8, 11. ஸ்னேர் (சுளீரென்ற டிரம் அடி) 5, 13. ஹைஹாட் (ஜால்ரா மாதிரித் தட்டு) ஒற்றைப்படைக் கட்டங்கள் எட்டிலும். எல்லாம் ஒரே வால்யூம். அதற்கு மேல், எழுபதுகளில் வந்த ஒரு படப்பாட்டின் இடையிசையிலிருந்து 4 நொடி வயலின்.

ஸ்விங் (ஊஞ்சல் மாதிரியான அசைவு) வேண்டும், இரட்டைப்படைக் கட்டங்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். தள்ளினேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சரி, கையாலேயே வாசிக்கலாம் என்று லேப்டாப் விசைகளில் தட்டிப் பதிவு செய்தேன். ஒவ்வொரு முறையும் சத்தம் என் விரலுக்குப் பின்னால்தான் வருகிறது. எனக்குத் தாளமே வராதோ என்று பயமாக இருக்கிறது. பள்ளியில் கும்மி அடிக்கும்போது நன்றாகத்தான் அடித்தேன்!

இன்னொன்று. வயலினை வெட்டி அடுக்கினால் ஒவ்வொரு வெட்டிலும் 'டிக்' என்று ஒரு சத்தம். அது ஏன்? அப்புறம், இலவசமாகக் கிடைக்கிறதே என்று 40 ஜிபிக்கு சாம்பிள் பேக் (தயாராகக் கிடைக்கும் ஒலித்துண்டுகள்) இறக்கி வைத்திருக்கிறேன். முடிக்காத ப்ராஜெக்ட் 71. முடித்தது பூஜ்யம். எங்கே தவறுகிறேன்?

வயர்மேன், ஞாயிறு இரவு 11:59

தாளம் வராது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். குற்றவாளி இயர்போன். புளூடூத்தில் சத்தம் காதுக்கு வர 150 முதல் 200 மில்லி நொடி வரை பிந்துவது சாதாரணம். 90 பிபிஎம்மில் ஒரு கட்டத்தின் நீளம் கணக்குப் போடுங்கள்: 60,000ஐ 90ஆல் வகுத்து, அதை நாலால் வகுத்தால் 167 மில்லி நொடி. நீங்கள் சரியாகத் தட்டினாலும் முழுசாக ஒரு கட்டம் தள்ளிக் கேட்கிறது. மிருதங்க வித்வானே வந்து தட்டினாலும் இதே கதைதான்.

நாளைக்கே 150 ரூபாய்க்கு வயர் வைத்த இயர்போன் வாங்குங்கள். எல்எம்எம்எஸ் செட்டிங்கில் ஆடியோ பஃபரை (சத்தத்தை அனுப்பும் முன் சேர்த்து வைக்கும் அளவு) 256க்கு இறக்குங்கள். நொடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் அது சுமார் 6 மில்லி நொடி. அதற்கு மேல் கொஞ்சம் சேரும், ஆனால் விரல் பொறுத்துக்கொள்ளும். கரகரவென்று உடைந்தால் 512க்கு ஏற்றுங்கள்.

டபுள்டெக், திங்கள் காலை 6:20

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த அத்தை மகனை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான ராப்பர்கள் "மாஸ்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எது சரியில்லை என்று சொல்லத் தெரிந்தவன் கிடைப்பது அரிது.

முதலில் அந்த ஸ்விங் விஷயம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. உங்கள் பீட்டில் இரட்டைப்படைக் கட்டத்தில் இருப்பது எது? 8இல் இருக்கும் அந்த ஒரே ஒரு கிக். மற்றதெல்லாம் ஒற்றைப்படை. பிறகு எதைத் தள்ளினால் என்ன அசையும்? ஆளே இல்லாத ஊஞ்சலை ஆட்டியிருக்கிறீர்கள். ஸ்விங் கேட்க வேண்டுமென்றால் 2, 4, 6 பக்கங்களில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் மதுரையில் அப்பா ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். பாட்டு எழுதிய சீட்டோடு வருவார்கள். 60 கேசட்டோ 90 கேசட்டோ பதிந்து கொடுப்போம். பள்ளி விட்டு வந்தால் டபுள் டெக் முன்னால் நான்தான். ஆள் இல்லாத நேரத்தில் எனக்கு ஒரு திருட்டு வேலை உண்டு. ஒரு பாட்டில் எல்லாம் அடங்கி டிரம்ஸ் மட்டும் நாலு எண்ணிக்கை வரும். அதை ஒரு டெக்கில் ஓடவிட்டு மறு டெக்கில் பதிந்து, பாஸ் பட்டனை அமுக்கி, ரீவைண்ட் செய்து, மறுபடி விட்டு, மறுபடி பதிந்து... அப்படி இருபது சுற்று. நாலு எண்ணிக்கை டிரம்ஸ் ஒரு நிமிடத்துக்கு நீளும். ரிப்பனைத் தேய்க்கிறாய் என்று அப்பா பின்மண்டையில் ஒன்று போடுவார்.

இதையேதான் கூல் ஹெர்க் என்ற டிஜே 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செய்தார் என்று எனக்குத் தெரிய வந்தது ரொம்பப் பிந்தி. செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடியில், தங்கை சிண்டி பள்ளிக்குத் துணி எடுக்கக் காசு சேர்க்க ஒரு விருந்து வைத்தாள். அண்ணன் பாட்டுப் போட்டார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி வைத்துக்கொண்டு, டிரம்ஸ் மட்டும் வரும் துண்டை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்றி மாற்றி நீட்டினார். ஹிப் ஹாப் பீட் என்பது அடிப்படையில் அவ்வளவுதான்: யாரோ ஒரு டிரம்மர் உயிரோடு வாசித்த நாலு எண்ணிக்கை, திரும்பத் திரும்ப.

"உயிரோடு வாசித்த" என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். கேசட் காலத்துக்குப் பிறகு நான் கம்ப்யூட்டரில் பீட் செய்ய ஆரம்பித்ததும் எனக்கும் உங்கள் கதிதான். கட்டத்துக்குள் கனகச்சிதமாக வைத்தேன். செத்துப் போச்சு. பாஸ் பட்டனில் செய்தது ஆடியது, கம்ப்யூட்டரில் செய்தது நின்றது. மூன்று வருடம் நல்ல கிக் சத்தம் கிடைக்கவில்லை என்று நினைத்துக் கிக் தேடி அலைந்தேன். உங்களுக்கு 40 ஜிபி, எனக்கு அந்தக் காலத்தில் சிடி நிறைய. அலைந்ததெல்லாம் வீண். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அதை எங்கே வைப்பது, எவ்வளவு மெதுவாகத் தட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

சரி, செய்ய வேண்டியது. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டு 1970இல் வந்தது. அதில் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். பாட்டின் பின்பாதியில் மற்ற எல்லாரும் நிறுத்திவிட்டு அவரைத் தனியாக வாசிக்க விடுவார்கள். உலகத்தில் அதிகம் வெட்டி எடுக்கப்பட்ட டிரம்ஸ் துண்டுகளில் அது ஒன்று. (சாம்பிள் எடுத்தவர்கள் சம்பாதித்த காசில் அந்த மனிதருக்கு உரிமைத் தொகை என்று ஒன்றும் வரவில்லை. எனக்கு இதில் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.) அதை ஆடாசிட்டியில் போட்டு, சுருதி மாறாமல் பாதி வேகத்துக்குக் குறைத்துக் கேளுங்கள். பெரிய ஸ்னேர் அடி 5, 13 இரண்டில்தான், உங்களுடையது போலவே. ஆனால் அவற்றுக்கு நடுவில் அதே ஸ்னேரில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் சின்னச் சின்னத் தட்டல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கோஸ்ட் நோட் என்பார்கள். பேய் மாதிரி, இருப்பது தெரியாது, இல்லாவிட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும்.

உங்கள் பீட்டில் ஸ்னேரை 10இலும் 16இலும் கூடுதலாக வையுங்கள். வால்யூம் பெரிய அடிக்கு 100 என்றால் இவற்றுக்கு 25, 30. அதற்கு மேல் போனால் பேய் மனுஷியாகிவிடும். ஹைஹாட்டில் 1, 5, 9, 13க்கு 80, நடுவில் வருபவைக்கு 50. இப்போது கேட்டாலே பாதி உயிர் வந்திருக்கும். இன்னும் எதையும் தள்ளவே இல்லை, பாருங்கள்.

இப்போது தள்ளலாம். எல்எம்எம்எஸ் ஒரு பாரை 192 சின்னப் படிகளாகப் பிரிக்கிறது. பியானோ ரோலில் (அடிகளை வைக்கும் திரை) குவாண்டைஸ் (அடியைக் கட்டத்தோடு ஒட்டவைப்பது) இடத்தில் 1/192 தேர்ந்தெடுங்கள். ஒரு கட்டம் என்பது 12 படி. 90 பிபிஎம்மில் ஒரு படி ஏறக்குறைய 14 மில்லி நொடி. 8, 10, 16 ஆகிய இரட்டைப்படைக்காரர்களை ஒரு படி வலப்பக்கம் நகர்த்திக் கேளுங்கள். பிறகு இரண்டு படி. ஒரு படி என்பது ஸ்விங் கணக்கில் (இரண்டு கட்ட நீளத்தில் இரண்டாவது அடி எங்கே விழுகிறது என்பது) 54 சதவீதம், இரண்டு படி 58. ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் வந்த ஆகாய் எம்பிசி60 என்ற பீட் செய்யும் பெட்டியில் இந்தச் சதவீதக் கணக்குதான்: 50 என்றால் நேர்கோடு, அதிகபட்சம் 75. இந்தக் கலையில் பாதிப்பேர் 54க்கும் 62க்கும் நடுவில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. "கொஞ்சம் தாறுமாறாக வைத்தால் மனிதத்தன்மை வரும்" என்று சொல்வார்கள். வராது. பீட் செய்வதில் பேர் போன டெட்ராய்ட்காரர் ஜே டில்லா குவாண்டைஸை அணைத்துவிட்டு வாசித்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். 2006இல் 32 வயதில் இறந்துபோனார். அவருடைய எம்பிசி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் பீட்டைப் பாருக்குப் பார் ஒப்பிட்டுக் கேளுங்கள். பிந்துகிற கிக் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே அளவு பிந்தும். குடித்தவன் நடையல்ல அது, ஒரு கால் சற்று நீளமானவன் நடை. ஒவ்வொரு பாரையும் வேறு வேறு மாதிரி தள்ளினால் பழகாத ஆள் வாசிப்பது போல் இருக்கும்.

வயலின், 'டிக்', 71 ப்ராஜெக்ட் பற்றி இரவு எழுதுகிறேன். அச்சகத்துக்கு நேரமாச்சு.

ஏட்டெட்டுமணி, திங்கள் மதியம் 1:15

டபுள்டெக் அண்ணன் எழுதுவதைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2020களில் இருக்கிற பொண்ணுக்கு 1970 டிரம்ஸ் எதற்கு? 140 பிபிஎம் வையுங்கள், ஸ்னேரை 9இல் மட்டும் போடுங்கள், ஹைஹாட்டை எட்டெட்டாக ஓடவிட்டு இடையிடையே 1/32 ரோல் (படபடவென்று ஓடும் அடி) கொடுங்கள், கீழே ஒரு நீளமான 808 (அந்தப் பெயருள்ள டிரம் மெஷினின் ஆழமான கிக்). முடிந்தது. கட்டத்துக்குள் கச்சிதமாக இருப்பதுதான் இதற்கு அழகே. எந்தப் பேயும் வேண்டாம்.

ஆனால் 808ஐப் பாட்டின் சுருதிக்கு டியூன் செய்ய மறக்காதீர்கள். புதிதாக வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் இதில்தான் விழுகிறார்கள். அது வெறும் கிக் அல்ல, பேஸ் சுரம். அப்புறம் அது 55 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) ஏற்றினால் மேலே கிளைச்சுரங்கள் முளைக்கும், போனிலும் பேஸ் இருப்பதாகக் காது நம்பிவிடும்.

திருச்சித்தொப்பி, திங்கள் மாலை 5:40

அக்கா, நான் ஆறு வருடமாக மிருதங்கம் கற்கிறேன். பீட் செய்யத் தெரியாது. ஆனால் டபுள்டெக் அண்ணன் சொன்ன சதவீதக் கணக்கைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் சார் தினமும் திட்டுவது இதைத்தான்.

50 சதவீதம் என்பது சதுஸ்ரம்: தகதிமி, நாலும் சமம். ஒரு தட்டில் அது நாலு கட்டம். இப்போது அதே தட்டில் இரண்டு முறை 'தகிட' சொல்லுங்கள், 'கி'யை மட்டும் மனசுக்குள் விழுங்கிவிட்டு: த-ட த-ட. 'ட' தள்ளிப் போய்விட்டது இல்லையா? அதுதான் மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரம், 66 சதவீதம். உங்கள் எல்எம்எம்எஸ் கணக்கில் சரியாக நாலு படி. அதாவது ஸ்விங் என்பது சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்பது. எங்கள் வகுப்பில் அப்படி நடுவில் நின்றால் அடி விழும். நீங்கள் அதற்குப் பெயர் வைத்து விற்கிறீர்கள்.

மவுஸைத் தொடும் முன் வாயால் சொல்லிப் பாருங்கள் அக்கா. கிக்குக்கு தொம், ஸ்னேருக்கு தா. உங்கள் பீட்:

தொம் - - - | தா - - தொம் | - - தொம் - | தா - - -

கையால் தாளம் போட்டுக்கொண்டே பத்து நிமிடம் சொன்னால் வாய் தானாகவே இடைவெளிகளில் 'க', 'ட' என்று எதையாவது மெல்லச் சொல்லும். அந்த இடங்களில்தான் அண்ணன் சொல்லும் பேய்கள் உட்கார வேண்டும். வாய் சொல்லாத இடத்தில் வைக்காதீர்கள்.

டபுள்டெக், திங்கள் இரவு 9:30

தொப்பித் தம்பி, கடைசி வரிக்காகவே உனக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கித் தருகிறேன். மதுரைக்கு வந்தால் சொல்.

மணி, நீங்கள் சொன்ன டியூனிங் நூற்றுக்கு நூறு சரி. ரோலண்ட் டிஆர்-808 1980 முதல் 1983 வரைதான் உற்பத்தியில் இருந்தது, அதுவும் பழங்கதைதான் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டுப் போகிறேன். அந்த அத்தை மகன் 90 பிபிஎம்மில் பேசுகிறவன் போலிருக்கிறது. அவனுக்குத் தேவை இடைவெளி.

தங்கச்சி, 'டிக்' சத்தம். ஒலி அலை மேலும் கீழும் போகிறது இல்லையா, அது நடுக்கோட்டைத் தொடாத இடத்தில் நீங்கள் கத்தி வைத்திருக்கிறீர்கள். ஸ்பீக்கர் திடீரென்று குதிக்கிறது, அந்தக் குதிதான் 'டிக்'. ஆடாசிட்டியில் தேர்ந்தெடுத்துவிட்டு இசட் விசையை அமுக்கினால் பக்கத்தில் இருக்கும் பூஜ்யப் புள்ளிக்கு வெட்டு நகரும். அதற்கும் மேல் தொடக்கத்தில் 2, 3 மில்லி நொடி ஃபேட் இன் (சத்தம் மெல்ல ஏறுவது), முடிவில் 10 மில்லி நொடி ஃபேட் அவுட் (மெல்ல இறங்குவது). போய்விடும். வயலினில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையும் ஹைபாஸ் போட்டு நீக்குங்கள். அந்தத் தளத்தில் கிக்கும் பேஸும் மட்டும் வாடகைக்கு இருக்கட்டும்.

வயலினின் வேகத்தை 90க்குக் கொண்டுவர நீங்கள் நீட்டிச் சுருக்கும் கருவியைப் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு இசைத்தட்டு மாதிரி வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே இறக்கிப் பாருங்கள். பாட்டு 100 பிபிஎம் என்றால் 90க்கு வரும்போது சுருதி இரண்டு அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். வயலினில் ஒரு புகைமூட்டம் வரும். 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற பெட்டியில் மொத்தமே 10 நொடிதான் சாம்பிள் வைக்க முடியும். அதனால் 33 சுற்றுத் தட்டை 45இல் வேகமாக ஓட்டிப் பதிந்து, உள்ளே மறுபடி வேகத்தைக் குறைப்பார்கள். இடம் மிச்சம் பிடிக்கச் செய்த தந்திரம். அதனால் வந்த கரகரப்புக்கு இன்றைக்குத் தனியாக மென்பொருள் விற்கிறார்கள்.

10 நொடி! உங்களிடம் 40 ஜிபி. புரிகிறதா நான் எங்கே வருகிறேன் என்று? ஒரு கிக், ஒரு ஸ்னேர், ஒரு ஹைஹாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு மிச்சத்தை ஒரு பென்டிரைவுக்கு மாற்றி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் அவர் அரிசி டிரம்மில் இருக்கட்டும். 71 ப்ராஜெக்ட் முடியாமல் நிற்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஒவ்வொரு இரவும் கிக் தேர்ந்தெடுத்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிடுகிறது.

எட்டு பார் லூப் (திரும்பத் திரும்பச் சுற்றும் துண்டு) வந்ததும் அதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். காப்பி எடுத்து நீளமாக ஒட்டுங்கள்: முன்னால் 4 பார், பேச 16, கொக்கிக்கு (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) 8, மறுபடி 16, மறுபடி 8. பிறகு ஒவ்வொரு இடத்திலும் எதையாவது எடுத்துவிடுங்கள். பேசத் தொடங்கும் இடத்தில் வயலின் இல்லை. பதினாறாவது பாரின் கடைசி எண்ணிக்கையில் கிக் இல்லை. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் பாட்டு ஆகிவிடும்.

கடைசியாக, அந்தப் படப்பாட்டு. வீட்டுக்குள் பழக எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், நானும் அப்படித்தான் கற்றேன். வெளியிடுவது வேறு. நம் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 வருடம் உரிமை உண்டு. மெட்டுக்கும் வரிக்கும் போட்டவர், எழுதியவர் காலமான பிறகு 60 வருடம். எழுபதுகளின் பாட்டு இரண்டு கணக்கிலும் உள்ளேதான் வரும். "4 நொடிதானே" என்பது சட்டத்தில் எங்கேயும் எழுதப்பட்ட கணக்கு அல்ல. 1991இல் நியூயார்க்கில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மேல் இதே மாதிரி வழக்கு வந்தபோது நீதிபதி தீர்ப்பையே "களவு செய்யாதிருப்பாயாக" என்ற பைபிள் கட்டளையோடுதான் தொடங்கினார். எனக்கு அந்த அளவுக்கு மரியாதை கிடைக்கவில்லை. நண்பன் ஒருவன் நான் போட்ட பீட்டில் பாடி ஒரு தளத்தில் ஏற்றினான். மூன்று நாளில் பாட்டு காணாமல் போயிற்று. பாடியவன் உழைப்பும் என் சாம்பிளோடு சேர்ந்து போனதுதான் உறுத்தல். அவன் அப்புறம் என்னிடம் பீட் கேட்கவில்லை.

உங்கள் பெயரில் பூட்டுக்கடை இருக்கிறதே, அங்கே என்னென்ன சத்தம் வருகிறது என்று யோசித்தீர்களா?

பூட்டுக்கடைப்பேத்தி, சனி இரவு 12:34

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வயர் இயர்போன் வாங்கினேன், 130 ரூபாய். விசையைத் தட்டினேன், தட்டிய அதே நொடியில் கிக் கேட்டது. வயர்மேன் அண்ணா, எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு மாதமாக என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தொப்பித் தம்பி சொன்னபடி தொம்-தா சொல்லிப் பார்த்தேன். கடையில் சத்தமாகச் சொல்ல முடியாது, அதனால் பில் மிஷின் பக்கத்தில் வாய்க்குள்ளேயே. என் வாய் 10இல் ஒன்றும் சொல்லவில்லை. 12இலும் 16இலும்தான் சொல்கிறது. அதனால் டபுள்டெக் அண்ணா சொன்ன 10ஐ விட்டுவிட்டேன். பரவாயில்லையா?

பென்டிரைவ் அம்மாவிடம். அரிசியில் வேண்டாம், பூச்சி மருந்து வாசம் ஏறும் என்று பீரோவில் வைத்துவிட்டார்.

பூட்டு. தாத்தா பட்டறையில் வேலை இப்போது குறைவுதான், ஆனாலும் பழைய மாங்காய்ப் பூட்டு நாலைந்து கிடக்கிறது. போனைத் துண்டால் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அரம் போடும் சத்தம், பூட்டு விழும் சத்தம், சாவி திருப்பும் சத்தம் எல்லாம் பதிந்தேன். அரம் போடுவது ஹைஹாட்டாக உட்கார்ந்துவிட்டது, அதுவும் தாத்தா இழுக்கிற இழுப்பில் முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஒரே வால்யூம் இல்லை. நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பூட்டு விழுவதை ஸ்னேரோடு சேர்த்தேன். 8இல் இருக்கும் கிக் இரண்டு படி தள்ளி, பேய்கள் ஒரு படி தள்ளி.

அத்தை மகன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று முறை போடச் சொன்னான். அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

டபுள்டெக், சனி இரவு 12:50

10ஐ விட்டது ரொம்பச் சரி. உங்கள் வாய்க்குத் தெரிந்தது எனக்கு எப்படித் தெரியும்.

எல்எம்எம்எஸ்ஸில் 'டிக்' போயிற்றா என்று சொல்லவே இல்லையே?

பூட்டுக்கடைப்பேத்தி, ஞாயிறு காலை 7:05

வயலினில் போய்விட்டது அண்ணா. ஆனால் பூட்டில் ஒரு புதுச் சிக்கல். இன்று காலை தாத்தா காதில் இயர்போனை வைத்துப் போட்டுக் காட்டினேன். பீட் எப்படி என்று கேட்டால், "சாவி பாதியில நிக்குது. முழுசாத் திருப்பினா ரெண்டு சத்தம் வரணும், நீ ஒண்ணுதான் பிடிச்சிருக்க" என்கிறார். இரண்டாவது சத்தம் முதலாவதைவிட மெல்லிசாக இருக்குமாம்.

காபி குடித்துவிட்டு மறுபடி பதியப் போகிறோம். அது 16இல் உட்காரும் என்று நினைக்கிறேன்.